எங்கே இருக்கிறது, எவ்வளவு உறுதி?

2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே 789 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதி நொறுங்கின. ஒன்று இரிடியம் 33. தொலைபேசி அழைப்புகளைக் கடத்தும் அமெரிக்கச் செயற்கைக்கோள். மோதும்வரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது. மற்றது காஸ்மோஸ் 2251. 1993இல் ரஷ்யா அனுப்பியது. சில ஆண்டுகளிலேயே செயலிழந்து, யாருடைய கட்டளைக்கும் அடங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மோதியபோது ஒன்றுக்கொன்று இருந்த வேகம் விநாடிக்கு 11.7 கிலோமீட்டர். இரண்டு முழுச் செயற்கைக்கோள்கள் தற்செயலாக மோதிக்கொண்டது அதுவே முதல் முறை. கணக்கில் பதிவான துண்டுகள் மட்டுமே 2,000க்கு மேல்.

மோதலை யாரும் எதிர்பார்க்கவில்லையா? எண் இருந்தது. பொதுவில் கிடைக்கும் சுற்றுப்பாதைத் தரவுகளை வைத்து, எது எதை நெருங்கப்போகிறது என்று அன்றாடம் கணித்து வெளியிடும் சேவை ஒன்று அப்போதே நடந்துகொண்டிருந்தது. இந்த இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. அந்த வாரப் பட்டியலில் இதைவிட நெருக்கமாக வரப்போகிற ஜோடிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவையெல்லாம் மோதாமல் கடந்தன. இது மோதியது.

அந்த 584 என்ற எண் எப்படி வந்தது, அதில் என்ன குறை இருந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக் கணிப்பில் பல காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். ரேடார் நிலையங்களிலிருந்து வரும் அளவுகளை வாங்கி, அந்தப் பொருள் எந்தப் பாதையில் சுற்றுகிறது, நாளை இந்நேரம் எங்கே இருக்கும் என்று சொல்வதுதான் என் தொழில். கல்யாண வீட்டில் யாராவது விசாரித்து, நான் பதில் சொன்னால், "அப்போ பெரிய டெலஸ்கோப்ல பார்ப்பீங்களா?" என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் வரிசை வரிசையாக எண்கள்தான். ஆனால் அந்த எண்களுக்குள் ஒரு பொருள் உருண்டோடுவது எனக்குத் தெரியும்.

எல்லாச் செயற்கைக்கோளிலும் ஜிபிஎஸ் இருக்குமே, தான் இருக்கும் இடத்தை அதுவே சொல்லாதா என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். உயிரோடு இருக்கும் பல செயற்கைக்கோள்கள் சொல்லும். செத்துப்போனது எப்படிச் சொல்லும்? எரிந்து முடிந்த ராக்கெட்டின் மேல் அடுக்கு, கழன்ற மூடி, வெடித்துச் சிதறிய தகடு என்று கண்காணிப்பில் இருக்கும் பொருள்களே 30,000க்கு மேல். பெரும்பாலானவை வாய் திறக்காதவை. நாம்தான் தேடிப் போய்க் கேட்கவேண்டும். தாழ்ந்த சுற்றுப்பாதைகளில் அப்படிக் கேட்பதற்குள்ள முதன்மையான கருவி, தரையில் நிற்கும் ரேடார்.

ரேடாருக்கு என்ன தெரியும்?

ரேடார் ஒரு ரேடியோ துடிப்பை அனுப்புகிறது. அது பொருளின்மேல் பட்டுத் திரும்புகிறது. போய்வர எடுத்த நேரத்தை அளந்து, ஒளியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் தூரம் கிடைக்கும். 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொருளுக்கு, போய்வரும் நேரம் ஒரு விநாடியில் 150இல் ஒரு பங்கு. நேர அளவில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரத்தில் 150 மீட்டர் பிசகும். 10 மீட்டர் துல்லியம் வேண்டுமென்றால் கடிகாரம் எவ்வளவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் துடிப்பு போய்வருவதற்குள் செயற்கைக்கோள் சும்மா இருப்பதில்லை. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் அது 50 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே அளந்த தூரம், துடிப்பு பொருளைத் தொட்ட கணத்துக்கு உரியது. அனுப்பிய கணத்துக்கும் அல்ல, திரும்பி வந்த கணத்துக்கும் அல்ல. ஒவ்வோர் அளவோடும் அதன் நேரத்தையும் இப்படிக் கவனமாகப் பதிவு செய்யவேண்டும். நேரப் பதிவில் ஒரு மில்லி விநாடி தவறினால், பொருளை அதன் பாதையில் ஏழரை மீட்டர் தள்ளி வைத்துவிடுவோம்.

தூரத்தோடு இரண்டு கோணங்களும் வரும். வடக்கிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது ஒன்று, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பது மற்றொன்று. எங்கள் பேச்சில் இவை மூன்றும் ரேஞ்ச், அசிமத், எலிவேஷன். இவற்றோடு, திரும்பிய அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் பொருள் நம்மை நோக்கி வருகிற அல்லது விலகிப் போகிற வேகமும் கிடைக்கும். அது டாப்ளர்.

இந்த அளவுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. தூரம் மிக நன்றாக வரும். கோணம் அப்படி வராது. கோணத்தில் ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு பிசகினாலே, 1,000 கிலோமீட்டர் தொலைவில் அது 175 மீட்டர் பிசகு. ஒரே பொருளைப் பற்றி ஒரே கணத்தில் வரும் அளவுகளில் ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் நம்பவேண்டியிருக்கிறது. எதை எவ்வளவு நம்பலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது இந்தத் தொழிலில் பாதி.

இன்னொரு தொல்லை தூரம். ரேடாரிலிருந்து கிளம்பும் அலை பரந்து வலுவிழக்கிறது. பட்டுத் திரும்பும் அலையும் மறுபடி பரந்து வலுவிழக்கிறது. பொருள் இருமடங்கு தொலைவுக்குப் போனால் திரும்பி வரும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதனால்தான் விண்வெளியைப் பார்க்கும் ரேடார்கள் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன. ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அருகே வாக்ட்பெர்க் என்ற ஊரில் இருக்கும் டிரா ரேடாரின் தட்டு 34 மீட்டர் விட்டம். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ வைத்திருக்கும் பல்பொருள் கண்காணிப்பு ரேடாரில் திரும்பும் தட்டே கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு அலைபரப்பிகள் பதித்த ஒரு பலகை அது. ஒவ்வொன்றிலிருந்தும் அலை கிளம்பும் கட்டத்தைச் சற்றே மாற்றி, கற்றையை மின்னணு முறையில் கண நேரத்தில் இங்கிருந்து அங்கே திருப்புகிறார்கள். அதனால் அது ஒரே நேரத்தில் 10 பொருள்களைத் தொடரும். 1,000 கிலோமீட்டர் தொலைவில், அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள பொருளைக் கண்டுகொள்ளும்.

ஆறு எண்கள்

ஒரு பொருளின் சுற்றுப்பாதை முழுவதையும் சொல்ல ஆறு எண்கள் போதும். ஒரு கணத்தில் அது இருக்கும் இடத்துக்கு மூன்று, அந்தக் கணத்தில் அதன் வேகத்துக்கும் திசைக்கும் மூன்று. இந்த ஆறும் சரியாகத் தெரிந்தால், நியூட்டன் சொன்ன விதிகளின்படி அடுத்த கணம், அடுத்த மணி, அடுத்த நாள் என்று கணக்கிட்டுக்கொண்டே போகலாம்.

ரேடாரின் தூரமும் இரண்டு கோணங்களும் இடத்தைத் தந்துவிடுகின்றன. வேகம்தான் சிக்கல். டாப்ளர் தருவது நம்மை நோக்கிய பகுதியை மட்டும். குறுக்கே ஓடும் பகுதி அதில் வராது. அதற்குப் பொருளைச் சிறிது நேரம் தொடர்ந்து பார்க்கவேண்டும். மூன்று வேறு கணங்களில் அது இருந்த இடங்கள் தெரிந்தால் நடுக்கணத்தின் வேகத்தைக் கணக்கிடும் வழியை அமெரிக்க அறிஞர் கிப்ஸ் வகுத்துத் தந்தார். இன்றும் முதல் தோராயத்துக்கு அதைத்தான் எடுக்கிறோம்.

ஆனால் தோராயம் முடிவாகாது. மூன்று அளவை மட்டும் எடுத்தால் அந்த மூன்றின் பிழையும் அப்படியே பாதைக்குள் போய்விடும். ரேடார் ஒருமுறை தொடர்ந்தால் நூற்றுக்கணக்கான அளவுகள் வருகின்றன. எல்லாவற்றிலும் பிழை உண்டு. இத்தனை பிழையான அளவுகளிலிருந்து ஒரு நல்ல பாதையை எப்படி எடுப்பது?

விடை ரேடாருக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே வந்துவிட்டது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் பியாத்ஸி என்ற வானியலாளர் சீரீஸ் என்ற குறுங்கோளைக் கண்டார். பிப்ரவரி 11 வரை அதைக் கவனித்தார். பிறகு அது சூரியனின் பக்கமாகப் போய் மறைந்துவிட்டது. அந்தச் சில வாரக் குறிப்பை வைத்து அது மறுபடி எங்கே தோன்றும் என்று சொல்ல ஐரோப்பாவின் வானியலாளர்கள் முயன்றார்கள். இருபத்து நான்கு வயதுக் கணிதர் கார்ல் ஃபிரெடிரிக் காஸ் கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டின் இறுதியில் சீரீஸ் கிடைத்தது. இந்தத் துறையின் அடித்தளமான மீச்சிறு வர்க்க முறையை 1805இல் பிரான்சின் லெஜாந்தர் முதலில் அச்சில் வெளியிட்டார். காஸ் 1809இல், தான் முன்பிருந்தே அதைப் பயன்படுத்திவந்ததாகச் சொல்லி, பிழைகளின் இயல்பைப் பற்றிய விளக்கத்தோடு வெளியிட்டார். தொலைநோக்கிக்காக உருவான கணிதம் இன்று ரேடாருக்கு உழைக்கிறது.

பொருத்திப் பார்ப்பது

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் தோராயமான ஆறு எண்களை எடுத்துக்கொள்கிறோம். பொருள் உண்மையிலேயே அந்தப் பாதையில் போயிருந்தால் ரேடாருக்கு ஒவ்வொரு கணத்திலும் என்ன தூரம், என்ன கோணம் கிடைத்திருக்கவேண்டும் என்று கணினி கணக்கிடும். உண்மையில் கிடைத்த அளவிலிருந்து அதைக் கழிக்கவேண்டும். கழித்தபின் நிற்பதுதான் எச்சம். அலுவலகத்தில் எல்லோரும் ரெசிடுவல் என்போம். எல்லா எச்சங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை மிகக் குறையும்வரை அந்த ஆறு எண்களையும் சிறிது சிறிதாகத் திருத்துகிறோம். நம்பகமான அளவுக்கு அதிக எடை, சந்தேகமான அளவுக்குக் குறைந்த எடை. நாலைந்து சுற்றுத் திருத்தத்தில் பெரும்பாலும் பாதை நிலைத்துவிடும்.

ராக்கெட் ஏறிக்கொண்டிருக்கும்போது இப்படி எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கணக்குப் போட நேரமிருக்காது. அங்கே ஒவ்வோர் அளவு வர வர உடனே பாதையைத் திருத்தும் முறை வேண்டும். 1960இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறை அதற்குக் கைகொடுக்கிறது. இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கொண்டு நம் எண்ணத்தைத் திருத்திக்கொள்வது.

எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்தது எச்சங்களின் வரைபடத்தைப் படிப்பதுதான். இரவுப் பணியில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, திரையில் புள்ளிகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் புள்ளிகள் பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் எந்த ஒழுங்கும் இல்லாமல் சிதறிக் கிடக்கும். அதுவே நல்ல சேதி. ஒழுங்கு தெரிந்தால்தான் கவலை. புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறினால், நேரப் பதிவில் ஏதோ ஒரு நிலையான பிசகு இருக்கலாம். அடிவானத்துக்கு அருகே மட்டும் வளைந்தால், காற்றில் அலை வளைந்து தாமதமானதற்கான திருத்தம் போதவில்லை. நேர் மேலே பார்க்கும்போது கீழ்க் காற்றுமண்டலம் தூர அளவில் சேர்ப்பது இரண்டரை மீட்டருக்கும் குறைவுதான். அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் பார்த்தால் அது பத்து மடங்குக்கு மேல் போகும். அயனி மண்டலம் வேறு தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். அது பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி. புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், ரேடார் நடுவழியில் பக்கத்திலிருந்த வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

என் மேலதிகாரி ஒருவருக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், இடத்தைக் காட்டும் எண்களைப் பார்க்கமாட்டார். "ஏம்மா, இது எவ்வளவு தப்பா இருக்கலாம்? அதைச் சொல்லு முதல்ல" என்பார். "சார், எச்சமெல்லாம் பத்து மீட்டருக்குள்ளதான் இருக்கு" என்று சொன்னால், "அது நேத்து ராத்திரிக் கதை. நாளைக்கு எவ்வளவு தப்பா இருக்கும்?" என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குள் சுற்றுப்பாதைக் கணிப்பின் சாரம் முழுவதும் இருக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் செய்யும் வேலை

500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பொருளை எடுத்துக்கொள்வோம். அது பூமியை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 95 நிமிடம் ஆகிறது. அதில் ஒரு ரேடாரின் பார்வைக்குள் அது இருப்பது பத்து நிமிடத்துக்கும் குறைவு. அந்தத் துண்டுப் பாதையில் எச்சங்கள் மிக அழகாகப் பொருந்தலாம். இடம் பத்து மீட்டருக்குள் தெரியலாம். ஆனால் அந்த முடிவில் வேகம் விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் மட்டும் பிசகியிருந்தால் என்ன ஆகும்?

விநாடிக்கு 7,600 மீட்டர் ஓடும் பொருளுக்கு ஒரு சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் வேகம் மாறினால் பாதையின் அளவு மாறும். ஓடும் திசையில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் பாதையின் சராசரி ஆரம் 18 மீட்டர் பெருக்கிறது. பெரிய பாதையைச் சுற்ற அதிக நேரம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் பொருள் 170 மீட்டர் பின்தங்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்று. நாளை இந்நேரம் நாம் சொன்ன இடத்துக்கும் அது இருக்கும் இடத்துக்கும் இடையே இரண்டரை கிலோமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரே ஒருமுறை பார்த்ததில் இந்த அளவுக்கு வேகத்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

இதற்கு மருந்து, மறுபடி பார்ப்பது. ஒரு சுற்று முடித்து அதே பொருள் திரும்பி வரும்போது, எதிர்பார்த்த நேரத்துக்கு எவ்வளவு முன்னே பின்னே வந்தது என்று பார்த்தால் போதும். சுற்றுக் காலம் தெளிவாகிவிடும். இரண்டாவது தரிசனத்தில் பிழை சடாரென்று சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு ஈடான மகிழ்ச்சி அந்த வேலையில் வேறில்லை. ஆனால் பூமியும் சுழல்கிறதே. 95 நிமிடத்தில் அது 24 பாகை திரும்பிவிடும். நிலநடுக்கோட்டில் அது 2,600 கிலோமீட்டர். அடுத்த சுற்றில் பொருள் நம் ரேடாருக்கு மேற்கே வெகு தொலைவில் போய்விடக்கூடும். ஒற்றை ரேடார் மட்டும் இருந்தால் சில பொருள்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கவேண்டும். உலகின் பல இடங்களில் ரேடார்கள் வேண்டும், நாடுகள் அளவுகளைப் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று இத்துறையினர் விடாமல் வற்புறுத்துவது இதனால்தான்.

பாதையும் நிலையாக நிற்பதில்லை

பூமி சரியான உருண்டையாக இருந்து, விண்வெளியில் காற்றே இல்லாமல் இருந்தால் எங்கள் பாடு சுலபம். பூமியின் நிலநடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். அந்த இடுப்புப் பெருக்கம் சுற்றுப்பாதையின் தளத்தையே மெல்லத் திருப்பிவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைத் தளம் ஒரு நாளில் ஏறக்குறைய 5 பாகை மேற்கே திரும்புகிறது. நல்லவேளை, இந்த விசை மிகத் துல்லியமாகத் தெரியும், கணக்கில் சேர்த்துவிடலாம்.

காற்று அப்படி அடங்குவதில்லை. 400, 500 கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. சூரியன் கொந்தளித்தால் அது சூடாகி மேலெழும்பும், அடர்த்தி கூடும், பொருள்களைப் பிடித்திழுக்கும். 2022 பிப்ரவரி 3 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை அனுப்பியது. முதலில் இறக்கிவிடப்பட்ட உயரம் 210 கிலோமீட்டர் அளவுதான். மறுநாள் புவிகாந்தப் புயல். காற்றின் இழுவை முந்தைய ஏவுதல்களில் இருந்ததைவிட 50 விழுக்காடு வரை கூடியதாக நிறுவனம் சொன்னது. 40 செயற்கைக்கோள்கள் வரை கீழே விழுந்து எரியும் நிலை வந்தது. ஆகவே, நேற்று எவ்வளவு சரியாக அளந்தாலும், நாளைய சூரியன் எப்படி நடந்துகொள்ளும் என்ற சந்தேகம் எங்கள் கணிப்போடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

முருங்கைக்காய் வடிவம்

இப்போது அந்த 584 மீட்டரைப் பார்க்கலாம். மீச்சிறு வர்க்க முறை ஆறு எண்களைத் தருவதோடு நிற்பதில்லை. அந்த எண்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பிசகியிருக்கலாம், ஒன்றின் பிசகு மற்றொன்றின் பிசகோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதையும் ஓர் அட்டவணையாகத் தருகிறது. அதை வரைந்து பார்த்தால், பொருள் இருக்கக்கூடிய இடம் ஒரு புள்ளியாக வராது. முருங்கைக்காய் போல, ஓடும் திசையில் நீண்டும் மற்றத் திசைகளில் ஒடுங்கியும் வரும். ஒரு சென்டிமீட்டர் கணக்கை மேலே பார்த்தோமல்லவா, நீளம் அதிலிருந்து வருகிறது. நாள் ஆக ஆக அது மேலும் நீளும். மறுபடி ரேடார் பார்க்கும்போது சுருங்கும்.

2009இல் பொதுவெளியில் கிடைத்த சுற்றுப்பாதைத் தரவு, ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே வரி. இன்றும் அந்த வடிவம் புழக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டு வரிகளில் பாதை உண்டு. பிழை எல்லை கிடையாது. ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகக்கூடிய தரவு அது. அப்படிப்பட்ட இரண்டு பாதைகளைக் கழித்து 584 மீட்டர் என்று ஓர் எண்ணைப் போட்டால், உண்மையான இடைவெளி இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். அந்த வாரத்தில் அதுபோல இருந்த நூற்றுக்கணக்கான நெருக்கங்களில் எதைக் கண்டு பயப்படுவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க அந்த எண்ணால் முடியாது. பிழை எல்லை தெரிந்திருந்தால், மோதும் வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்று கணக்கிட்டிருக்கலாம். சந்தேகமானவற்றை ரேடாரால் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கலாம். இரிடியம் 33இன் எரிபொருளில் சொட்டளவு செலவழித்து நகர்த்தியிருக்கலாம்.

அந்த மோதலுக்குப் பிறகு நடைமுறை மாறியது. செயல்படும் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் நெருக்கங்களைச் சோதித்து, பிழை எல்லையோடு எச்சரிக்கை அனுப்பும் வேலையை அமெரிக்கக் கண்காணிப்பு அமைப்பு விரிவாக்கியது. பசிபிக்கில் குவாஜலின் பவளத்தீவில் 2020 மார்ச் முதல் ஸ்பேஸ் ஃபென்ஸ் என்ற பெரிய ரேடார் இயங்குகிறது. நம் நாட்டிலும் இதற்கென 2022 ஜூலையில் பெங்களூரில் இஸ்ரோ தனி மையம் ஒன்றைத் திறந்தது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதை எல்லோரும் பார்த்தோம். சுற்றுப்பாதையில் இருக்கும் பொருள்களோடு மோதல் வாய்ப்பைக் கணக்கிட்டுப் பார்த்து, அதன் ஏவுநேரத்தை 4 விநாடி தள்ளிவைத்தார்கள். 4 விநாடியில் ஒரு செயற்கைக்கோள் 30 கிலோமீட்டர் ஓடிவிடும். அந்த முருங்கைக்காயை நகரவிட்டுப் பிறகு குறுக்கே போவதற்கு அவ்வளவு போதும்.

விழப்போகிறது என்ற செய்தி வரும்போது

1979இல் நான் தென்காசியில் ஒன்பதாம் வகுப்பு. அமெரிக்காவின் ஸ்கைலேப் விழப்போகிறது என்று எங்கள் தெருவெல்லாம் ஒரே பேச்சு. "வெளியே திரியாதே, தலைமேல விழுந்து வைக்கும்" என்று ஆச்சி என்னைத் திண்ணையில் இறங்கவிடவில்லை. எங்கே விழும் என்று யாருக்கும் தெரியவில்லையே, இவ்வளவு பெரிய நாட்டுக்காரர்களுக்கே தெரியவில்லையே என்று அப்போது எனக்கு ஆச்சரியம். ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. அதைத் திட்டமிட்டதற்கு முன்பே இறக்கியது, எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கொந்தளித்த சூரியனால் கூடிய காற்றிழுவைதான் என்று பின்னால் இந்த வேலைக்கு வந்தபோது கற்றுக்கொண்டேன்.

இன்றும் அந்தச் செய்தி வேறு பெயரில் வருகிறது. 2018 ஏப்ரல் 2 அன்று விழுந்த சீனாவின் தியாங்காங்-1 விண்வெளி நிலையத்தை டிரா போன்ற ரேடார்கள் கடைசி நாள்கள்வரை தொடர்ந்தன. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 43 பாகைக்குள் அடங்கியது. அதற்கு அப்பால் விழாது என்று மட்டும் ஆரம்பத்திலேயே உறுதியாகச் சொல்ல முடிந்தது. எப்போது என்பதற்கு எங்களிடம் ஒரு தோராய விதி இருக்கிறது. விழுவதற்கு மீதமுள்ள காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு முன்னும் பின்னும் பிசகலாம். ஐந்து நாளுக்கு முன் சொன்னால் ஒரு நாள் முன்பின். பத்து மணி நேரத்துக்கு முன் சொன்னால்கூட இரண்டு மணி நேரம் முன்பின். அந்த இரண்டு மணி நேரத்தில் அது பூமியை ஒருமுறைக்கு மேல் சுற்றிவிடும். ஆகவே மூன்று நாளைக்கு முன்பே ஓர் ஊரின் பெயரைச் சொல்லி அங்கே விழும் என்று யார் சொன்னாலும் அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. கடைசியில் தியாங்காங்-1 தென் பசிபிக் கடலுக்கு மேலே எரிந்து விழுந்தது.

அப்படியொரு செய்தியைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். நேரத்தோடு "இத்தனை மணி முன்பின்" என்று போட்டிருக்கிறதா? கடைசியாக எப்போது அளந்த அளவை வைத்துச் சொல்கிறார்கள்? இரண்டும் இருந்தால் அளந்தவர்கள் சொன்ன செய்தி அது, நம்பலாம். இரண்டும் இல்லாவிட்டால், எத்தனை தசமப் புள்ளிகள் போட்டிருந்தாலும், அதைக் கண்டு வீட்டுக்குள் ஒளியவேண்டியதில்லை.

தொழில்காரர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. செயற்கைக்கோள் வைத்திருக்கும் ஒவ்வொரு நாடும் நிறுவனமும் தங்கள் பாதையை வெளியிடும்போது அதன் பிழை எல்லையையும் சேர்த்தே வெளியிடவேண்டும். எங்கள் தலைமுறை ஆயிரக்கணக்கில் எண்ணிய செயற்கைக்கோள்களை அடுத்த தலைமுறை லட்சத்தில் எண்ணக்கூடும். அவர்களுக்கு இன்னும் பெரிய ரேடார்களும் இன்னும் வேகமான கணினிகளும் கிடைக்கும். ஆனால் எந்த ரேடாரும் பிழையில்லாமல் அளக்காது. தன் பிழையை மறைக்காமல் சொல்லும் கணிப்பை மட்டுமே நம்பி இன்னொருவர் தன் செயற்கைக்கோளை நகர்த்த முடியும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அந்த உயரங்களை நம் பிள்ளைகளும் பயன்படுத்த முடியும்.